அம்பு எந்தப் பக்கம்?

அன்று காலையிலிருந்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், சலவை இயந்திரத்தின் பொத்தான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஈரச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து உலர்த்தியது நான்தானே.

எங்கள் மகள் கூடைப்பந்து நடுவர். அன்று மாலை பெண்கள் இறுதி ஆட்டத்தை அவள் நடத்தப் போகிறாள். அதைப் பார்த்துவிட்டு, பெரிய போட்டிகளுக்கு இவள் தகுதியானவளா இல்லையா என்று சொல்ல ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். போன வருடம் இதே மதிப்பீட்டாளர் முன்னால்தான் அவள் கோட்டைவிட்டாள். சரியாகக் கொடுத்த தீர்ப்பை, கூட்டம் கத்தியதும் பயந்துபோய் மாற்றிவிட்டாள். இந்தத் தடவையும் தவறினால் இனிமேல் கூப்பிட மாட்டார்கள். வாரக்கணக்கில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பார்த்து எனக்கும் இறங்கவில்லை.

அவளுடைய நடுவர் சட்டையைத் துவைக்கப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு நான் குளிக்கப் போனேன். பின்னாலேயே வந்த இவர், நான் அழுத்தினேனோ இல்லையோ என்று தானும் ஒரு தடவை அழுத்தினார். அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். நான் ஈரத்தலையோடு வந்து பார்த்தால், சட்டை சோப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது.

இது அவருக்குப் புதிதல்ல. நான் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார், அணைத்த அடுப்பைத் திருகிப் பார்ப்பார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவர்கள் தொழிலில் ஒருவர் முடுக்கிய திருகை இன்னொருவர் முடுக்கிப் பார்த்தே ஆக வேண்டும். நான் வேலை செய்வது மருந்துக்கடையில். அங்கே ஒருத்தி மாத்திரை எண்ணி வைத்த தட்டில் இன்னொருத்தி கை வைத்தால் தொலைந்தது. இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் போட்டால் எப்படி இருக்கும்?

"நான் செஞ்ச வேலையில இனிமே கை வைக்காதீங்க. நானும் உங்ககிட்ட பேசல, நீங்களும் பேசாதீங்க" என்றேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நானும் அவருக்குச் சளைத்தவளா?

இதில் சங்கடம் என்னவென்றால், அன்று மாலை ஆட்டத்துக்கு மேஜையில் உட்கார வேண்டியவர்களும் நாங்கள்தான். நான் ஸ்கோரர், அவர் கடிகாரக்காரர். விடுமுறை நாட்களில் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறோம். மகள் நடுவர் ஆனதே, சின்ன வயதில் எங்கள் மேஜைக்கடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததால்தான்.

கிளம்பும்போது அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள எப்படி வேணா இருங்க. அரங்கத்துல நீங்க எனக்கு அம்மா அப்பா இல்ல. ஸ்கோரர், டைமர். சரியா?"

"சரி" என்றோம் இருவரும், தனித்தனியாக.

பிறகு வழக்கம்போல என் சீப்புப் பெட்டியிலிருந்து சிவப்பு முடி ரப்பர் ஒன்றை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். தலைமுடியைத்தான் ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறாளே, இவளுக்கு எதற்கு முடி ரப்பர்? இன்றாவது கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. நீல அணி ஒரு பக்கம், வெள்ளை அணி ஒரு பக்கம். மேல் வரிசையில் மதிப்பீட்டாளர் ஒரு ஃபிளாஸ்க்கோடு தனியாக உட்கார்ந்திருந்தார். சிரிப்பதற்குக் காசு கேட்பவர் போன்ற முகம்.

எங்களுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தார் மூணு செகண்டு அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லா ஆட்டத்துக்கும் வருவார், எதற்கெடுத்தாலும் "மூணு செகண்டு!" என்று கத்துவார். பந்து கையில் இருக்கும் அணியின் ஆட்டக்காரர், எதிராளியின் கூடைக்குக் கீழே இருக்கும் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. விதி அவ்வளவுதான். தடுக்கிறவர்கள் அங்கே பாய் விரித்துப் படுத்தாலும் குற்றமில்லை. அண்ணனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் என் மகளைப் பிடித்துக்கொண்டது. நீல அணிப் பெண் ஒருத்தி கூடையைப் பார்த்து எறிந்தாள். பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. ஓடிப்போய்த் தானே பிடித்து மறுபடி எறிந்தாள், விழுந்தது. "டபுள்! டபுள்! விசில் எங்க?" என்று கூட்டம் எழுந்து நின்றது. கூடைக்கென்று எறிந்த பந்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. மகள் இரண்டு விரலை நீட்டி மணிக்கட்டை மடக்கிப் புள்ளி கொடுத்தாள். முகத்தில் ஒரு சலனமில்லை.

அடுத்து ஒரு வெள்ளைப் பெண்ணின் கையில் சளார் என்று அடி விழுந்தது. கடைசி வரிசைவரை சத்தம் கேட்டது. "ஃபவுல்!" என்று அண்ணன் என் காதுக்குள்ளேயே கத்தினார். பந்தின்மேல் இருக்கும் கை பந்தோடு சேர்த்தி. அதில் பட்டால் பந்தில் பட்ட கணக்கு. அதற்கும் மகள் ஊதவில்லை.

"யாரு பெத்த பொண்ணும்மா இது, கண்ணு தெரியாதா?" என்றார் அண்ணன் என்னிடம்.

"தெரியலையே அண்ணே" என்றேன். பக்கத்தில் இவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. பேச்சுதான் இல்லை, சிரிப்புக்குத் தடை இல்லை போலிருக்கிறது.

எங்கள் மேஜையின் மேல் ஒரு சிவப்பு மர அம்பு உண்டு. ஒரு தாங்கியின்மேல் இப்படியும் அப்படியும் திரும்பும். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று மல்லுக்கட்டினால், நடுவில் தூக்கிப்போட்டு இருவரையும் குதிக்க வைப்பார்கள் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படித் தூக்கிப்போடுவது ஆட்டத்தின் ஆரம்பத்தில் ஒரே ஒரு முறைதான். அதன்பிறகு ஒரு ஊஞ்சலுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பிள்ளைகளுக்குச் செய்வதைப் போல, இந்தத் தடவை நீ, அடுத்த தடவை அவள். மல்லுக்கட்டு வந்தாலும் சரி, அடுத்தடுத்த கால்பகுதிகள் தொடங்கினாலும் சரி, யாருடைய முறையோ அவர்கள் வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவார்கள். அந்த முறையைக் காட்டுவதுதான் அம்பு. ஒரு அணி தன் முறையை எடுத்துக்கொண்டதும் அம்பை மற்ற அணியின் பக்கம் திருப்ப வேண்டும். திருப்புவது ஸ்கோரர் வேலை. என் வேலை.

கடைசிக் கால்பகுதி தொடங்கியபோது முறை நீலத்துடையது. போட்டார்கள். உடனே நீல அணியின் பயிற்சியாளர் மேஜைக்கு ஓடிவந்து, தன் ஆட்டக்காரிக்கு எத்தனை ஃபவுல் என்று கேட்டார். அவர் கேட்டால் பதில் சொல்லும்வரை விடமாட்டார். சொல்லி அனுப்பினேன்.

ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருந்தன. நீலம் ஒரு புள்ளி முன்னால். நடு ஆடுகளத்தில் பந்து உருண்டது. ஒரு நீலப் பெண்ணும் ஒரு வெள்ளைப் பெண்ணும் ஒன்றாக விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டார்கள். மகள் விசில் ஊதி இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினாள். மல்லுக்கட்டு என்பதற்கான சைகை அது.

"என்னது, சூப்பர்னு காட்டுறா?" என்றார் அண்ணன். பிறகு அவருக்கே விளங்கி, "ஜம்ப் பால்! நடுவுல தூக்கிப் போடு!" என்று ஆரம்பித்தார். அரங்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. "ஜம்ப் பால்! ஜம்ப் பால்!" காலால் தரைப் பலகையைத் தட்டினார்கள்.

மகள் எங்கள் மேஜையைப் பார்த்தாள். அம்பு நீலத்தைக் காட்டியது. நீலத்துக்குப் பந்து என்றால் ஆட்டம் முடிந்தது என்றே அர்த்தம். பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்திவிடுவார்கள்.

அவள் உடனே கை நீட்டவில்லை. அம்பைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் வெள்ளை அணியின் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டுக் குதித்தார். மகள் அதைக் கொடுத்துவிட்டு, ஆடுகளத்தின் நடுவில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் கட்டிய கைகளில் அந்தச் சிவப்பு ரப்பர் தெரிந்தது.

நான் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. கால்பகுதி ஆரம்பத்தில் பந்து போட்டது நீலம்தானே? அந்தப் பெண் எங்கள் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். போட்டதும் நான் அம்பைத் திருப்பினேனே? தாங்கி கிறீச்சிட்டதுகூட நினைவிருக்கிறது. அப்படியானால் அது இப்போது வெள்ளையை அல்லவா காட்ட வேண்டும்? அதற்குப் பிறகு மல்லுக்கட்டே வரவில்லையே?

திருப்பினேனா, திருப்பியதாக நினைத்துக்கொண்டேனா? என் ஞாபகத்தை நம்பி ஒரு இறுதி ஆட்டத்தை மாற்றுவதா? அப்போதுதான் சோப்புத் தண்ணீரில் மிதந்த சட்டை கண்முன்னால் வந்தது.

"ஏங்க" என்றேன்.

கடிகாரமே வாய் திறந்து பேசியதுபோல் அவர் திரும்பினார்.

"கடைசிக் குவார்ட்டர் ஆரம்பிக்கும்போது பந்து உள்ள போட்டது யாரு?"

யோசிக்கவேயில்லை. பந்து உள்ளே போய் ஒருவர் கையில் பட்ட பிறகுதான் அவர் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். அதனால் போடுகிறவரை அவரைவிட உன்னிப்பாகப் பார்ப்பவர் அரங்கத்தில் கிடையாது.

"நீலம். முழங்கால்ல பிளாஸ்டர் ஒட்டின பொண்ணு."

"அதுக்கப்புறம் நீங்க அம்பைத் தொட்டீங்களா?"

அவருடைய காதுமடல் சிவந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் காது என்னிடம் பொய் சொன்னதில்லை.

"நீ அந்த கோச்சுகிட்ட பேசிட்டு இருந்தே. திருப்ப மறந்துட்டியோன்னு…"

"எந்தப் பக்கம் இருக்குன்னாவது பார்த்தீங்களா?"

"இல்ல. கை தானா போயிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீதானே பேசாதீங்கன்னே?"

எனக்கு வந்த கோபத்துக்கு மேஜையைக் கவிழ்த்திருப்பேன். கோபம் முழுக்க அவர்மேல் என்றும் சொல்ல முடியவில்லை. வாயை அடைத்தது நான்தானே! அவசரத்துக்குக்கூடப் பேசக் கூடாது என்றா சொன்னேன்? அப்படித்தான் சொன்னேன்.

நீல அணியின் பயிற்சியாளர், அம்பு தன் பக்கம் இருக்கும் தைரியத்தில், பந்தை யார் போடுவது யார் வாங்குவது என்று தன் பெண்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். மேலே மதிப்பீட்டாளர் ஃபிளாஸ்க்கை மூடிவிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இப்ப மாத்தினா அந்த நீல கோச் சும்மா இருக்கமாட்டான்" என்றேன். "கூட்டம் கத்துது. கத்தினதும் மாத்திட்டான்னு ஆகிடும். போன வருஷம் மாதிரியே."

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பந்து வெள்ளைப் பொண்ணுங்களுது. சொல்லித்தான் ஆகணும். நான் திருப்பினேன்னு சொல்லு. திட்டு எனக்கு வரட்டும்."

அந்த நிமிடம் அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பிரியத்தை என்னவென்று சொல்வது! காலையில் இதே ஆளைத்தான் கண்டபடி பேசினேன்.

டைம் அவுட் முடியும் மணி அடித்தது. மகள் நேராக மேஜைக்கு வந்தாள்.

"ஸ்கோரர், அம்பு சரியா இருக்கா?"

"இல்லைங்க. தப்பா இருக்கு. வெள்ளைக்குத்தான் முறை."

இவர் எழுந்து நின்றார். பெற்ற மகள் முன்னால், கையைக் கட்டாத குறை. "ஒரு தடவை அவங்க திருப்பிட்டாங்க. அது தெரியாம நானும் திருப்பிட்டேன், மேடம்."

மேடம்! மகளின் கன்னம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "நன்றி" என்றாள். எப்படி, எப்போது, நிச்சயமா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் அம்பை வெள்ளையின் பக்கம் திருப்பினேன். இவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

நீல அணியின் பயிற்சியாளர் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தோடு ஓடிவந்தார். "அம்பு எங்க பக்கம் இருந்துச்சு! கூட்டம் கத்தினதும் மாத்துறீங்களா? இது என்ன நியாயம்?"

என் மகள் குரலை உயர்த்தவில்லை.

"கூட்டம் கேட்டது ஜம்ப் பால், சார். அதை நான் குடுக்கல. மேஜையில நடந்த தப்பை மேஜையே சொல்லிடுச்சு. பந்து இன்னும் உள்ள போகல, அதனால இப்பவே திருத்தலாம். கடைசிக் குவார்ட்டர் ஆரம்பத்துல பந்து போட்டது உங்க பொண்ணுதானே?"

அவர் வாயைத் திறந்தார். முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டிய பெண் அவருக்குப் பின்னால் நின்றபடி, "ஆமா சார், நான்தான் போட்டேன்" என்றாள். அவர் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

வெள்ளைக்குப் பந்து. உள்ளே போட்டார்கள், இவர் கடிகாரத்தை ஓடவிட்டார். பந்து ஒரு கை மாறி இன்னொரு கைக்கு வந்தது. அந்தப் பெண் துள்ளி எறிந்தாள். பந்து காற்றில் இருக்கும்போதே மணி அலறியது.

"முடிஞ்சிருச்சு! செல்லாது!" என்று ஒரு பாதி அரங்கம். "செல்லும்!" என்று மறுபாதி. மணி அடிப்பதற்குமுன் கையை விட்டுப் போன பந்து விழுந்தால் செல்லும். மகள் அதைச் சரியாகப் பார்த்துத்தான் கையை உயர்த்தி வைத்திருந்தாள். விழுந்தால் வெள்ளை ஜெயிக்கும், அம்பை மாற்றியதால்தான் ஜெயித்தார்கள் என்று நீலம் ஆயுசுக்கும் சொல்லும்.

பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. எட்டிப் பார்த்தது. வெளியே விழுந்தது.

நீலம் ஜெயித்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெள்ளைக்குச் சேர வேண்டிய பந்தும் சேர்ந்துவிட்டது, நீலத்துக்கும் குறை இல்லை. சற்றுமுன் குதித்த பயிற்சியாளரே வந்து மகளுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். மூணு செகண்டு அண்ணன் மட்டும் எழுந்து போகும்போது, "என்ன இருந்தாலும் ஜம்ப் பால்தான் போட்டிருக்கணும்" என்றார்.

மதிப்பீட்டாளர் படியிறங்கி மேஜைக்கு வந்தார். மகள் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் சத்தத்தைக் கேட்டு மாத்தினே" என்றார். "இன்னிக்கு அதே சத்தத்துல நின்னு மேஜையைக் கேட்டே. எனக்கு அது போதும். உன்னை மேல அனுப்பறேன்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"ஆமா சார்" என்றார் இவர்.

"நெனச்சேன்" என்றுவிட்டு அவர் ஃபிளாஸ்க்கோடு போய்விட்டார்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும், அவள் ஸ்கோரர், டைமர் என்பதையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, பின்சீட்டில் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்துச் சிரித்தாள். இவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டினார். "ரோட்டைப் பாருங்க" என்றேன்.

அப்போதுதான் கேட்டேன். "அது சரி, மொட்டைத் தலைக்கு எதுக்குடி முடி ரப்பர்?"

அவள் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"வலது கையில இருந்தா நீலத்தோட முறை. இடது கையில இருந்தா வெள்ளை. அம்பு மாற வேண்டியப்பல்லாம் நானும் மாத்திக்குவேன். உங்க மேஜைக்கு நடுவரா வர ஆரம்பிச்ச நாள்லேருந்து மாட்டிக்கறேன்."

"வேற யாரு மேஜைக்கும் மாட்ட மாட்டியா?"

"மாட்ட மாட்டேன். எனக்கு உங்க ரெண்டு பேரையும் தெரியாதா? சின்ன வயசுல எனக்கு நீ மருந்து குடுத்தா, பின்னாலேயே அப்பா ஒரு தடவை குடுக்க வருவாரே!"

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

"அப்ப டைம் அவுட்லயே உனக்குத் தெரியுமா?" என்றேன். "தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல? என் உயிரே போயிடுச்சு."

"இடது கையில இருந்துச்சு. ஆனா அது என் ஞாபகம் மட்டும்தானேம்மா. என் ரப்பரைக் காட்டி இறுதி ஆட்டத்தை மாத்த முடியுமா? மேஜை சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் பேசினாத்தான் மேஜை சொல்லும்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "திரும்பி நின்னுகிட்டு, பேசிடுங்க, பேசிடுங்கன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். அப்ப உன் குரல் கேட்டுச்சு. 'ஏங்க'ன்னே. அதைக் கேட்டதும் பாதி பயம் போயிடுச்சு."

அந்தக் கூச்சலில், ஆடுகளத்தின் நடுவிலிருந்து, அவளுக்கு என் குரல் கேட்டிருக்கிறது. இவர் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வியர்வைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அதை இயந்திரத்தில் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, சமையலறைக்குள் நுழைந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இவர் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். விரல் பொத்தானுக்கு மேலே.

வாயைத் திறக்கப் போனேன். விரல் அப்படியே நின்றது.

"அழுத்திட்டியா?" என்றார்.

"அழுத்திட்டேங்க."

அவர் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். உள்ளே தண்ணீர் ஏறி, சட்டை ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கியது. அது நிற்காமல் ஓடுகிறதா என்று இருவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம்.